காந்தத்தின் சந்நிதியில்...

மெய்கண்ட தேவர் அருளிய சிவஞானபோதத்தில் மொத்தம் 12 சூத்திரங்கள்தான். அதில் ஐந்தாவது சூத்திரத்தைப் படிக்கும்போது பலரும் ஓரிடத்தில் திகைத்து நிற்பார்கள். 'பசாசம்' என்றொரு சொல் அங்கே வருகிறது. பேய், பிசாசு என்று பயந்துவிடாதீர்கள். இங்கே அதற்கு இரும்பு என்று பொருள்! காந்தத்தின் எதிரில் வந்த இரும்பை 13-ஆம் நூற்றாண்டிலேயே நமக்கு உவமையாகக் காட்டியிருக்கிறார், திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த அந்த மகான்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். மெல்லிய பித்தளைத் தட்டில் ஒரு தையல் ஊசியை வைத்து, அடியில் காந்தத்தை நகர்த்துங்கள். தொடாமலே ஊசி கூடவே ஓடும். பித்தளை குறுக்கே இருப்பது ஒரு பொருட்டே இல்லை. அதையே இரும்பு தோசைக்கல்லில் வைத்தால்? காந்தத்தின் சக்தியைக் கல்லே வாங்கிக்கொள்ளும். ஊசி அநேகமாக அசையாது. காந்தத்தைச் சற்றுக் கீழே இறக்கினாலும் இழுப்பு சட்டென்று குறைந்துவிடும். (பார்த்து முடித்ததும் குழந்தைகள் கைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள். இரண்டு சின்னக் காந்தங்களை விழுங்கிவிட்டால், அவை குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும்.)

சரி, சூத்திரத்துக்கு வருவோம். கண் பார்க்கிறது, காது கேட்கிறது. தன்னைப் பார்க்க வைக்கும் உயிர் எது என்று கண்ணுக்குத் தெரியுமா? தெரியாது. அதுபோலவே, எல்லாவற்றையும் அறிகிற உயிருக்கு, தன்னை அறியச் செய்யும் சிவனருள் தெரிவதில்லை. காந்தத்தின் முன்னால் இரும்பு அசைகிறது. காந்தமோ எந்த விகாரமும் இல்லாமல் இருக்கிறது. இறைவன் சந்நிதியில் உயிர்கள் இயங்குவதும் அப்படித்தான் என்கிறார்கள் சித்தாந்திகள்.

'அப்படியென்றால் எனக்கு ஏன் கோயிலில் மனசு ஒட்டவில்லை?' என்று கேட்பீர்கள். தட்சிணேஸ்வரத்தில் ஸ்ரீராமகிருஷ்ணர் இதற்கு அழகாகப் பதில் சொன்னார். சேறு பூசிய ஊசியைக் காந்தம் இழுப்பதில்லை; கண்ணீரால் சேற்றைக் கழுவ வேண்டும் என்றார். மெல்லிய சேறு காந்தத்தைத் தடுக்காது என்று விஞ்ஞானம் படிக்கும் உங்கள் பிள்ளை சொன்னால், சொல்லிவிட்டுப் போகட்டும். உவமையை அவ்வளவு தோண்டக் கூடாது!

ஆனால், வாசலில் வந்து தட்டில் ஊசியை ஓடவிட்டு, "அம்மா, உங்க வீட்டுல தோஷம் இருக்கு" என்று யாராவது சொன்னால், அங்கே தோண்டித்தான் ஆக வேண்டும். அதே தட்டில் ஒரு வெள்ளி மெட்டியை நகர்த்திக் காட்டச் சொல்லுங்கள். தங்கம், வெள்ளி, செம்பு எதையும் காந்தம் இழுக்காது. தோஷம் கழிக்க நகையைக் கழற்றித் தாருங்கள் என்றால், கதவைச் சாத்திவிட்டுப் பூஜையறைக்குப் போங்கள்.