தொடங்குபவருக்கு ஒரு புத்தகம்

சமையல், தையல், தட்டச்சு, தோட்டம் என்று எந்தக் கைவேலைக்கும் ஓர் அரிச்சுவடி உண்டு. தேர்ந்தவருக்கு அது பரணில் கிடக்கும் பழைய புத்தகம். தொடங்குபவருக்கோ பக்கத்தில் நிற்கும் ஆசான்.

அதை எழுதுவது எளிதல்ல. கைவந்த வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடலாம். சொல்லித்தர வேண்டுமானால், அது கைவராத நாளுக்கு மனத்தால் திரும்பிப் போக வேண்டும். ‘உப்பு தேவையான அளவு’ என்பது தெரிந்தவர் தெரிந்தவருக்குச் சொல்வது. எத்தனை பேருக்கு, எத்தனை கரண்டி, எப்போது போடுவது என்பதே தெரியாதவருக்குச் சொல்வது. 1951இல் வெளிவந்த எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’, புதுக்குடித்தனம் போன எத்தனையோ பெண்களுக்கு அப்படித் துணை நின்ற நூல்.

படிப்பவருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ‘கடுகு வெடித்ததும்’ என்று புத்தகம் எழுதும். அந்தச் சத்தத்துக்குப் பழக வேண்டியது காது. ஊசியில் நூல் கோப்பதைப் படம் காட்டும். கோக்க வேண்டியவை விரல்கள். படித்ததோடு நிற்பவருக்குத் தகவல் மிஞ்சும். செய்து பார்ப்பவருக்கு வேலை படியும்.

புத்தகத்தைத் திறக்காமலே கை தன் வேலையைச் செய்யத் தொடங்கினால், நூல் ஜெயித்துவிட்டது என்று பொருள். நன்றாகக் கற்றுக்கொடுத்தவரிடம் மறுபடியும் கேட்க வேண்டியிருக்காது. அதுவே அவருக்கு நாம் செய்யும் மரியாதை.