தட்டில் ஒரு வனம்

சென்ற கோடையில் குடும்பத்துடன் கொடைக்கானல் சென்றிருந்தோம். பழனி மலைத் தொடரில், சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள அவ்வூரின் சோலைக்காட்டு ஓரத்தில் நாவல் இனத்து இளங்கன்றுகள் செழித்து நின்றன. போன்சாய்க் கலையில் புதிதாக ஆர்வம் கொண்ட எங்கள் வீட்டு இளைஞர், "இவற்றுள் ஏழினைப் பெயர்த்துச் சென்றால் என் முதல் வனம் அமைந்துவிடும்" என்றார். நாங்கள் தடுத்தபோது, "உண்பதற்குக் கீரையும் காயும் பறிக்கிறோம். வளர்ப்பதற்காக எடுப்பது மட்டும் இம்சையா?" என்று கேட்டார். விடை கூறக் கடமைப்பட்டவர்களானோம்.

ஒரே இன மரங்கள் பலவற்றை ஆழமற்ற ஒரு தட்டில் நட்டு, காட்டின் தோற்றத்தை உண்டாக்குவதே போன்சாய் வனம். ஐந்து, ஏழு, ஒன்பது என ஒற்றைப்படையில் நடுவது வழக்கம். பெரிய மரம் நடுவினின்று சற்றே விலகி நிற்கும். இடைவெளிகள் சமமாக இரா. வேர்களைக் குறைத்து, கம்பியால் தட்டோடு பிணைத்து, மண்ணின்மேல் பாசி பரப்புவர். ஜப்பானியரான சபுரோ கட்டோ (1915–2008) இவ்வகை வனங்களுக்குப் புகழ் பெற்றவர்.

தாவரம் என்னும் சொல்லுக்கே நிலைத்து நிற்பது என்பது பொருள். தொல்காப்பியமும் அதனை ஓரறிவுயிராக வகுத்தது. இயங்கும் உயிர்களுக்குத் தீங்கிழையாமை இல்லறத்தாரின் அணுவிரதம். நிலைத்திணை உயிர்க்கு ஊறின்றி இல்லறம் நடவாது. எனினும் தேவைக்கு மேற்பட்ட ஊறு அனர்த்ததண்டம் ஆகும். பயனின்றித் தாவரங்களை வெட்டுதலைச் சமந்தபத்திரர் தம் ரத்னகரண்டக சிராவகாசாரத்தில் இவ்வகையிலேயே சேர்த்துள்ளார். பசிக்கு உண்பது தேவை. கண்ணுக்கு இனிய தட்டு அத்தகைய தேவையன்று. ஆகவே இரண்டும் ஒன்றாகா.

இளைஞர் பக்கத்திலும் நியாயம் உண்டு. நாள்தோறும் நீர் வார்ப்பவன் ஓருயிரைக் கவனிக்கப் பழகுகிறான். நன்கு பேணப்படும் போன்சாய் பல தலைமுறை வாழ்வதும் உண்மை. கட்டுதல், வெட்டுதல், உணவு மறுத்தல் ஆகிய அதிசாரங்களைக் கம்பியும் கத்தரியும் நினைவூட்டினாலும், அவை இயங்கும் உயிர்களைக் குறித்தே சொல்லப்பட்டவை. எனவே வளர்ப்பதை மட்டும் கொண்டு அவரைக் குற்றம் சாட்ட இயலாது.

கன்று எங்கிருந்து வருகிறது என்பதே நம் கேள்வி. சோலைக் கன்றைப் பெயர்த்தால், வேர்மண்ணில் வாழும் புழுபூச்சிகளும் கலைந்து மடியும். அங்கே அணுவிரதமே பழுதுபடுகிறது. மேலும், 2013ஆம் ஆண்டு கொடைக்கானல் வனவுயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. சரணாலயத்தினின்று அனுமதியின்றி எதனையும் எடுத்துச் செல்ல 1972ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டம் இடந்தராது. கொடுக்கப்படாததை எடுப்பது நம் ஆகமப்படி களவு. குளிர்மலைக் கன்று நம் ஊர் வெயிலில் தட்டில் பிழைப்பதும் அரிது.

லேசியைகளை விளக்கும் நாவல் மரக் கதையை நாம் அறிவோம். பழம் உண்ண வந்த அறுவருள் ஒருவன் மரத்தையே வேரொடு சாய்க்க நினைத்தான். மற்றவர் அடிமரம், கிளை, கொத்து, கனி எனப் படிப்படியாகக் குறைத்தனர். ஆறாமவன் உதிர்ந்த பழம் போதும் என்றான். கன்றைப் பெயர்க்க விரும்பியவரிடம் நாங்கள் கேட்டது இதுதான்: உமக்கான உதிர்ந்த பழம் எங்கே?

அதற்கு விடை நம் ஜினாலயச் சுவரிலேயே இருந்தது. சுவர் வெடிப்பில் முளைக்கும் அரசும் ஆலும் கட்டடத்தைப் பிளக்கும். ஆகையால் திருப்பணியின்போது அவற்றைக் களைந்து வெயிலில் எறிகின்றனர். அரசும் ஆலும் வேர்க்குறைப்பைத் தாங்கி நம் ஊர் வெப்பத்தில் வளர்பவை. எறியப்படும் கன்றைத் தட்டில் நடுவது புதிய ஊறு அன்று; நேர்ந்துவிட்ட ஊறினைக் குறைப்பது. ஆனால் தட்டு நிறையவேண்டும் என்பதற்காகச் சுவரில் முளை தேடத் தொடங்கினால், அன்றே இந்த நியாயம் தீர்ந்துபோம்.

இளைஞர் சோலைக் கன்றுகளைத் தொடாமல் திரும்பினார். மழைக்குப் பின் ஆலயத்தைத் துப்புரவு செய்த நாளில் ஐந்து அரசங்கன்றுகள் கிடைத்தன, மூன்றே பிழைத்தன. கடையில் இரண்டு வாங்கி நிரப்பலாமே என்று நண்பர்கள் கூறினர். மூன்றும் ஒற்றைப்படைதான் என்று அவர் விடையளித்தார். நம் இல்லங்களில் அழகுக்கென வைத்துள்ள ஒவ்வொரு பொருளும் எவ்வாறு வந்தது என்று, அன்பர்களே, நாமும் ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக.