வெளியிலிருந்து வந்தவன்

புராஸ்டேட் புற்றுநோய் என்று மருத்துவர் சொல்லி முடித்த பிறகு, எதிரே இருப்பவரின் மனத்தில் எழும் கேள்வி ஒன்றுதான்: எனக்கு ஏன்? வயது என்கிறார் மருத்துவர். குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று கேட்கிறார். இரண்டும் உண்மையான காரணங்களே. இருந்தும் மனம் ஆறுவதில்லை. வயதோடு சண்டை போட முடியாது; இறந்துபோன தகப்பனாரைக் குற்றம் சொல்லவும் மனம் வராது. நம் உடலே நமக்கு எதிராகத் திரும்பியது என்பதை ஏற்பதைவிட, வாசல் தாண்டி வந்த திருடன் ஒருவன் இருந்தான் என்று நம்புவது நமக்கு எளிது.

இந்த எண்ணத்தைப் பேதைமை என்று ஒதுக்கிவிட முடியாது. கோழியின் புற்றுக்கு ஒரு வைரஸ் காரணமாகிறது என்று பெய்ட்டன் ரவுஸ் 1911இல் காட்டினார். நோபல் பரிசு அவரை வந்தடைய 1966 ஆயிற்று. கருப்பை வாய்ப் புற்றுக்குப் பின்னால் ஹெச்.பி.வி. வைரஸ் இருப்பதை ஹரால்ட் சுர் ஹவுசன் கண்டறிந்ததால்தான் இன்று ஒரு சிறுமிக்குப் போடும் தடுப்பூசி, பல ஆண்டுகள் கழித்து வரக்கூடிய புற்றை முன்கூட்டியே தடுக்கிறது. திருடன் யாரென்று தெரிந்தால் கதவைச் சாத்தலாம். அப்படியொரு கதவு புராஸ்டேட்டுக்கும் இருக்காதா?

2002இல் ஒரு தடயம் கிடைத்தது. பரம்பரையாகப் புராஸ்டேட் புற்று வரும் சில குடும்பங்களில் ஆர்என்ஏஸ்-எல் என்னும் மரபணு பழுதுபட்டிருந்தது. உடலுக்குள் நுழையும் வைரஸின் ஆர்என்ஏவை வெட்டிச் சிதைக்கும் நொதியை உருவாக்குவது அந்த மரபணுதான். காவற்காரன் தளர்ந்த வீட்டில் யாரோ புகுந்திருக்க வேண்டும் என்று நினைப்பது இயல்பு. கிளீவ்லண்ட் கிளினிக்கின் ராபர்ட் சில்வர்மனும் எரிக் கிளைனும், சான் பிரான்சிஸ்கோவின் ஜோசஃப் டிரிசியும் சேர்ந்து 86 நோயாளிகளின் கட்டிகளைச் சோதித்தார்கள். மரபணுவின் இரு பிரதிகளிலும் அந்த மாற்றம் இருந்த 20 பேரில் 8 பேரிடம் அதுவரை அறியப்படாத ஒரு வைரஸ் தென்பட்டது. மற்ற 66 பேரில் ஒரே ஒருவரிடம். எலிகளின் வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த அதற்கு எக்ஸ்.எம்.ஆர்.வி. என்று பெயரிட்டு 2006இல் வெளியிட்டார்கள். இவ்வளவு அழகாகப் பொருந்தும் விடையைச் சந்தேகிக்க யாருக்குத்தான் மனம் வரும்? 2009இல் நாட்பட்ட சோர்வு நோயாளிகளிடமும் அதே வைரஸ் இருப்பதாக இன்னொரு குழு அறிவித்தது. நம்பிக்கையிழந்திருந்த நோயாளிகளில் சிலர் ஹெச்.ஐ.வி. மருந்துகளை உட்கொள்ளவும் துணிந்தார்கள்.

ஆனால் வேறு ஆய்வுக்கூடங்களில் தேடிய பலருக்கு அது அகப்படவில்லை. வினய் பதக், ஜான் காஃபின் ஆகியோரின் குழுக்கள் 2011இல் அதன் பிறப்பைக் கண்டுபிடித்தன. ஒரு நோயாளியின் புராஸ்டேட் கட்டியை ஆராய்ச்சிக்காக உயிரோடு வைத்திருக்க வேண்டி, எதிர்ப்பாற்றல் குன்றிய சுண்டெலிகளின் உடலில் தலைமுறை தலைமுறையாக நட்டு வளர்த்திருந்தார்கள். 1993க்கும் 1996க்கும் இடையே, அந்த எலிகளின் மரபுத்தொகுதியில் பரம்பரையாக உறைந்து கிடந்த இரண்டு வைரஸ்கள் கலந்து ஒன்றாயின. அப்படிப் பிறந்ததே எக்ஸ்.எம்.ஆர்.வி. கட்டியின் தொடக்ககால மாதிரிகளில் அது இல்லை, பிற்காலத்தவற்றில் இருந்தது. அதே கலப்பு அச்சுப் பிசகாமல் வேறெங்கோ மறுபடி நிகழ்ந்திருக்கும் என்பது ஏறக்குறைய நடவாத காரியம்; ஆகவே நோயாளிகளிடம் கண்டதும் ஆய்வுக்கூடத்திலிருந்தே வந்திருக்க வேண்டும்.

நோயை அறிய வேண்டும் என்ற கருணையோடு நாம் கட்டிய கூடத்திலேயே, நம் கைகளுக்கிடையிலேயே பிறந்த ஒன்றை, நோயாளியின் உடலுக்குள் ஒளிந்திருந்த அந்நியன் என்று நாமே அடையாளம் காட்டினோம் என்பதை எண்ணும்போது, அறிவு என்பது தூரத்தில் நின்று பார்க்கும் தூய கண் என்ற நம் பழைய நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. பார்ப்பவனின் மூச்சு கண்ணாடியில் படிவதுபோல, தேடுகிறவனின் ஆசையும் அவன் கருவியும் அவன் மேசையின் தூசியும் தேடப்படும் பொருளின்மேல் படிந்துவிடுகின்றன. அந்தப் படிவை நாம் பெரும்பாலும் உணராமற்போவதற்குக் காரணம் கவனக்குறைவு மட்டுமன்று, துன்பத்துக்கு ஒரு முகம் வேண்டும் என்று நம்முள் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும் அந்தக் குரல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மருந்தைத் துணிந்து விழுங்கிய நோயாளியும், எண்களைக் கண்டு மகிழ்ந்த ஆய்வாளரும், அந்தச் செய்தியைப் படித்து ஆறுதல் கொண்ட நாமும் அந்த ஒரே குரலுக்குச் செவிசாய்த்தவர்களே.

சில்வர்மனும் கிளைனும் அதோடு நிறுத்திவிடவில்லை. மெழுகில் பதித்துக் காப்பாற்றி வைத்திருந்த அதே பழைய கட்டிகளின் திசுக்களை மீண்டும் எடுத்து, முதலில் கண்ட வைரஸை வேறு குழுவினரோடு சேர்ந்து தேடினார்கள். திசுவில் அது இல்லை. அதிலிருந்து பிரித்தெடுத்திருந்த ஆர்என்ஏவில்தான் கலப்படம். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த, வைரஸ் தொற்றிய செல்களிலிருந்து அது வந்து சேர்ந்திருந்தது. 2012 செப்டம்பரில் அந்த முடிவு தங்கள் பெயரோடு அச்சாயிற்று; 2006ஆம் ஆண்டுக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அந்தத் திசுக்களைத் தந்த மனிதர்களின் கேள்வி மட்டும், முதலில் கேட்கப்பட்ட இடத்திலேயே நிற்கிறது.