ஈகைக்காகப் போட்டியும் ஈகையில் போட்டியும்

திருப்பெரும்பூதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோயில் செல்லும் சாலையும், வண்டலூரிலிருந்து வாலாசாபாத் செல்லும் சாலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடம் ஒரகடம். ஒரு தலைமுறைக்கு முன் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலம் அது. இன்று அந்த வட்டாரத்தில் வாகனங்களும் டயர்களும் கண்ணாடியும் கைப்பேசிகளும் விளைகின்றன. தொழிற்சாலைகளுக்கு இடையிடையே பொறியியற் கல்லூரிகளும் உண்டு. அப்பகுதியில் அண்மையில் நடந்த ஒரு கிரிக்கெட் ஆட்டத்துக்கு நண்பரொருவர் என்னை அழைத்துச் சென்றார். ஆண்டுதோறும் இரு கல்லூரிகள் மோதும் ஆட்டம். திரளும் தொகை ஏழை நோயாளிகளின் சிகிச்சைக்குச் செல்லும் என்று அறிவித்திருந்தார்கள்.

ஆட்டம் நன்றாகவே இருந்தது. முடிவில், கதவளவு அகலமுள்ள அட்டையில் எழுதிய காசோலை ஒன்றை மேடையில் நிறுத்தி, அதன் இருபுறமும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கம்பிவேலிக்கு வெளியே, பணி முடிந்து கம்பெனிப் பேருந்துக்காகக் காத்திருந்த இளைஞர் சிலர் சீருடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவர் என்னிடம், “எங்க ஷிஃப்ட்லயும் நல்லா ஆடுற பசங்க இருக்காங்க பாய்” என்றார். குறையாக அவர் சொல்லவில்லை, சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆயினும் அந்தச் சொல் என்னோடு வீடுவரை வந்தது. அன்று மைதானத்தில் நிகழ்ந்தது ஈகையா, அல்லது ஈகையின் பெயரால் நடந்த விளையாட்டா என்ற கேள்வியையும் அது கூடவே கொண்டுவந்தது.

போட்டியையும் தருமத்தையும் ஒரே நுகத்தில் பூட்டும் வழக்கம் புதிதன்று. இங்கிலாந்தில் 1898ஆம் ஆண்டிலேயே தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் பொழுதுபோக்கு ஆட்டக்காரர்களுக்கும் இடையே ஒரு தருமக் கேடயப் போட்டி தொடங்கிற்று. அதன் வழித்தோன்றலாக 1908இல் அந்நாட்டுக் கால்பந்துச் சங்கத்தின் ‘சாரிட்டி ஷீல்டு’ பிறந்தது. கல்கத்தாவில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதும் நாளைத் தரும ஆட்டமாக அறிவித்து, சீட்டின் விலையை உயர்த்தி வசூலித்த காலமும் இருந்தது. பிரித்தானிய மாணவர்கள் ‘ராக்’ என்ற பெயரில் வேடிக்கைகள் நடத்தித் தருமநிதி திரட்டுவது நெடுநாள் மரபு. ஷெஃபீல்டு, நாட்டிங்ஹாம் போன்ற நகரங்களில் இரு பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் பல ஆட்டங்களில் மோதிக்கொள்கின்றன. இவ்விரு நகரங்களிலும் ஒன்று பழம்பெரும் பல்கலைக்கழகம். மற்றொன்று, தொழில்நுட்பக் கல்லூரியாயிருந்து 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. படிப்பிலும் பெயரிலும் ‘மூத்தது, இளையது’ எனப் பிரிந்திருப்பவை மைதானத்தில் சமமாக நிற்கின்றன. போட்டி மனிதரைப் பிரிப்பதாகவே நாம் எண்ணுகிறோம். ஆனால் சமமாக மதியாதவனோடு எவனும் போட்டியிடுவதில்லை. ‘நீ என் எதிரணி’ என்பதற்குள், ‘நீ எனக்கு நிகரானவன்’ என்ற ஒப்புதல் ஒளிந்திருக்கிறது.

இதற்கு டோக்கியோ நகரம் ஒரு சான்று தருகிறது. அங்குள்ள வாசெதா, கெய்யோ என்ற இரு பல்கலைக்கழகங்கள் 1903இல் பேஸ்பால் ஆடத் தொடங்கின. மூன்றே ஆண்டுகளில் இருதரப்பு ஆதரவாளர்களின் வெறி எல்லை மீறிற்று. 1906இல் நிறுத்தப்பட்ட ஆட்டம் 1925வரை நடைபெறவே இல்லை. பகை அவ்வளவு. ஆயினும் 1943 அக்டோபர் 16ஆம் நாள், படிப்பைப் பாதியில் விட்டுப் போர்முனைக்கு அனுப்பப்படவிருந்த மாணவர்கள் கடைசியாக ஒருமுறை ஆடினார்கள். வாசெதா பத்துக்கு ஒன்று என வென்றது. ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு தரப்பும் எதிர்த்தரப்புக் கல்லூரியின் பாட்டைப் பாடிற்று. நிதி திரட்டாத ஆட்டம் அது. எனினும் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்ட ஆட்டம். போட்டி தன்னளவில் தீயதன்று என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

போட்டியே இழுக்கு என்று நம் மரபும் கூறவில்லை. நற்செயல்களில் ஒருவரையொருவர் முந்துமாறு திருக்குர்ஆன் ஏவுகிறது. தபூக் படையெடுப்புக்கு நிதி திரட்டிய வேளையில் நிகழ்ந்ததாகப் பலரும் குறிக்கும் வரலாறு ஒன்றை நாம் அறிவோம். இன்று எப்படியும் அபூபக்கர் (ரலி) அவர்களை முந்திவிட வேண்டும் என்ற எண்ணத்தோடு, உமர் (ரலி) தம் செல்வத்தில் பாதியைக் கொண்டுவந்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் முன் வைத்தார். அபூபக்கரோ தம்மிடம் இருந்த அனைத்தையும் கொண்டுவந்திருந்தார். குடும்பத்துக்கு என்ன வைத்தீர் என்ற வினாவுக்கு, இறைவனையும் அவன் தூதரையும் வைத்து வந்தேன் என்னும் கருத்துப்பட விடையிறுத்தார். இனி இவரை ஒருபோதும் முந்த இயலாது என்று உமர் உணர்ந்துகொண்டார்.

இதனை ஊன்றிக் கவனிக்க வேண்டும். உமர் தோற்றார், ஆனால் அவர் கொடுத்த பாதி குறைந்துவிடவில்லை. ஒருவரின் வெற்றி மற்றவரின் நன்மையைப் பறிக்காத போட்டி அது. போட்டியிட்ட பொருளே ஈகைதான். நான் கண்ட கிரிக்கெட் ஆட்டத்தில் போட்டியின் பொருள் ஓட்டங்கள். யார் வென்றாலும் நோயாளிக்குச் செல்லும் தொகை ஒன்றே. அங்கே போட்டியும் தருமமும் ஓருடலாக இல்லை. கயிறு கொண்டு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. முன்னது ஈகையில் போட்டி. பின்னது ஈகைக்காகப் போட்டி. இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பதால்தான் நமக்குக் குழப்பம் வருகிறது.

கட்டிய கயிறு அவிழவும் கூடும். மேலே சொன்ன சாரிட்டி ஷீல்டின் பிற்காலக் கதை அதுதான். சீட்டுப் பணத்தில் எவ்வளவு தருமத்துக்குச் செல்கிறது என்பதைத் தெளிவாகக் குறிப்பிடவில்லை, சேர வேண்டிய இடத்துக்குக் காலத்தில் சேர்க்கவில்லை என்று அந்நாட்டின் தரும நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஆணையம் குறை கண்டது. 2002இல் போட்டியின் பெயரிலிருந்து ‘சாரிட்டி’ என்ற சொல் நீங்கி, ‘கம்யூனிட்டி’ என்ற சொல் ஏறிற்று. ஆட்டம் தொடர்கிறது, கேடயம் இருக்கிறது. 94 ஆண்டுகள் தாங்கிய சொல் மட்டும் போய்விட்டது. தருமம் என்ற சொல்லைச் சுவரொட்டியில் அச்சிடும் கணத்திலேயே அச்சிட்டவர் ஒரு கடன் பத்திரத்தில் கையொப்பமிடுகிறார் என்பதே இதன் பாடம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். ‘நோயாளிக்கு மருந்து கிடைத்தால் போதாதா? கொடுத்தவனின் உள்ளத்தைக் கிளறிப் பார்ப்பதால் யாருக்கு என்ன பயன்?’ என்று கேட்பார்கள். இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பசித்தவனுக்குச் சோறு சோறுதான். வெளிப்படையாக ஈவதும் நன்று, மறைத்து ஈவது அதனினும் நன்று என்னும் கருத்தைத் திருமறையின் அல்பகரா அத்தியாயம் தருகிறது. அது வெளிப்படையான ஈகையைத் தள்ளிவிடவில்லை. ஒருவர் கொடுப்பதைக் கண்டு இன்னொருவர் கொடுப்பார் என்பதும் உண்மை. ஆகவே, மேடையில் காசோலையைக் காட்டினார்கள் என்பதற்காக அந்த மாணவர்களை நான் பழிக்க மாட்டேன். கொடையாளி எனப் பிறர் புகழ வேண்டும் என்பதற்காகவே கொடுத்தவனுக்கு மறுமையில் நேரும் கதியைப் பற்றிய எச்சரிக்கையும் நம்மிடம் உண்டு. ஆனால் அந்த எச்சரிக்கை நாம் நம் நெஞ்சை நோக்கித் திருப்பிக்கொள்ள வேண்டிய விளக்கு; அடுத்தவர் முகத்தில் பாய்ச்சுவதற்கு அன்று. நிய்யத்தை அறிபவன் ஒருவனே.

எனினும் உள்ளத்தை விட்டுவிட்டு விளைவை மட்டும் பார்த்தாலும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. பார்வையாளர் கூட்டத்தை நம்பி நிற்கும் தருமம், கூட்டத்துக்குப் பிடித்த துன்பங்களை மட்டுமே தேடும். குழந்தையின் இதய நோய்க்குக் கைதட்டல் கிடைக்கும். விடுதியின் கழிவறையைச் சீராக்குவதற்குக் கிடைக்காது.

வியப்பென்னவென்றால், நம் நாட்டுச் சட்டம் இந்த வேறுபாட்டை உணர்ந்திருக்கிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135ஆம் பிரிவில், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்காகச் செலவிட வேண்டும் என்கிறது. 2014 ஏப்ரல் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஜூனில் மத்திய அரசு வெளியிட்ட விளக்கச் சுற்றறிக்கை ஒன்று, மாரத்தான் ஓட்டம் போன்ற ஒருநாள் நிகழ்ச்சிகளும் விளம்பரங்களும் இந்தக் கணக்கில் சேரா என்று தெளிவாக்கிற்று. தன் சொந்தத் தொழிலாளர்களுக்கு மட்டும் பயன்படும் செலவையும் இதில் காட்டலாகாது என்பது விதி. முதல் விதியின் பொருள்: ஒருநாள் ஆரவாரம் ஈகையாகாது. இரண்டாவதன் பொருள் இன்னும் ஆழமானது. தொழிலாளிக்குச் செய்வது தருமமன்று. அது அவனுக்குச் சேர வேண்டியது.

இந்த இரண்டாவது விதி திருப்பெரும்பூதூர்–ஒரகடம் வட்டாரத்தில் வெறும் ஏட்டு விதி அன்று. 2021 டிசம்பரில், அங்கே ஒரு தொழிற்சாலையின் பெண் தொழிலாளர் தங்கியிருந்த விடுதியில் உணவு கெட்டு, நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தது. தோழியரின் கதி தெரியாத பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரத்தில் ஓர் ஆலையின் தொழிலாளர் ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் வைத்த முதன்மையான கோரிக்கைகளுள் ஒன்று தம் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது. இவர்கள் யாரும் தருமம் கேட்கவில்லை. நல்ல சோறு, நல்ல இடம், பேசுவதற்கு ஓர் உரிமை ஆகியவற்றையே கேட்டார்கள்.

செல்வரின் பொருளில் இரப்போர்க்கும் இல்லாதோர்க்கும் உரிமை உண்டு என்பது இறைமறையின் கொள்கை. ஜகாத் கொடுப்பவன் தன் பொருளைக் கொடுக்கவில்லை; தன்னிடம் தங்கியிருந்த பிறர் பொருளைத் திருப்பித் தருகிறான். அதன்பின் அவன் மனமுவந்து தருவதே ஸதகா. கடனை அடைக்காமல் பரிசளிப்பவனை உலகம் வள்ளல் என்னலாம். கடன் கொடுத்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். இறந்த பின்னும் கொடுத்தவர் என்று பழமொழியில் வாழும் கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் புகழை நாம் பாடிப் பரவுகிறோம். வள்ளன்மையைப் பாடும் சமுதாயம், கூலியை வியர்வை உலர்வதற்குள் தரும் நேர்மையையும் அதே குரலில் பாட வேண்டும்.

இவ்வளவும் எண்ணிய பின், அந்தத் தரும ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டும் என்று நான் சொல்வேனா? சொல்ல மாட்டேன். இருபது வயதில் ஆட்டத்துக்காகவேனும் ஏழை நோயாளியை நினைத்தவன், நாற்பது வயதில் ஆட்டம் இல்லாமலும் நினைக்கக் கூடும். ஆனால் மூன்று காரியங்களைக் கேட்பேன். அட்டைக் காசோலைக்குப் பதில், கணக்குத் தாளை மைதானத்து வாயிலில் ஒட்டுங்கள்: எவ்வளவு திரண்டது, பந்தலுக்கும் பனியனுக்கும் எவ்வளவு போயிற்று, மிச்சம் எந்த நாளில் யாரைச் சேர்ந்தது என்று. அடுத்து, போட்டியைக் கயிற்றால் கட்டாமல் உள்ளே கொண்டுவாருங்கள்: எந்தக் கல்லூரி மாணவர் அதிக இரத்தம் அளித்தனர், எவர் அதிக மாலைப் பொழுதுகளைத் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லச் செலவிட்டனர் என்பதில் மோதுங்கள். அதில் தோற்பவனும் உமரைப் போல் தோற்பான்.

மூன்றாவதே முக்கியமானது. கம்பிவேலியின் வாயிலைத் திறங்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சிப்காட் குடியிருப்பில் மட்டும் 18,720 பெண் தொழிலாளர் தங்க இடமுண்டு. அந்த வட்டாரத்து ஆலைகளில் பணிபுரிவோருள் பெரும்பகுதியினர் கல்லூரி மாணவரின் வயதினரே. தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள். பணிமுறை மாறி மாறி வரும் அவர்களுக்கு ஓர் அந்தியும் ஒரு திடலும் வாய்ப்பது அரிது. அவர்களுக்காக ஆடுவதைவிட அவர்களோடு ஆடுவது உயர்ந்தது. ஏனெனில், முன்பே கூறியதுபோல், போட்டி என்பது நிகரானவரோடு நிகழ்வது. ஒருவனுக்குப் பணம் தரும்போது நம் கை மேலே இருக்கிறது, அவன் கை கீழே இருக்கிறது. அவனுக்கு எதிராகப் பந்து வீசும்போது இரு கைகளும் ஒரே உயரத்தில் நிற்கின்றன.

அந்த இளைஞர் என்னிடம் எதையும் யாசிக்கவில்லை. தம் ஷிஃப்டிலும் நன்றாக ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்றுதான் சொன்னார். அடுத்த ஆண்டு அந்த மைதானத்தில் மூன்று அணிகள் இறங்கினால், நண்பர் அழைக்காமலேயே நான் போவேன்.