டயர் செருப்பு

மழை பெய்த காட்டில் அப்புச்சி (அம்மாவின் அப்பா) நடந்து போனால், குட்டி லாரி ஒன்று போன மாதிரி தடம் விழுந்து கிடக்கும். லாரி டயரில் அறுத்த செருப்பு. நெருஞ்சியோ கருவேல முள்ளோ அதைத் தாண்டி இறங்காது. சித்திரை வெயிலில் மட்டும் சூடேறி ரப்பர் வாடை அடிக்கும். திருச்செங்கோட்டில் பள்ளிக்கூடம் வரை அதைப் போட்டுக்கொண்டே என்னைக் கொண்டுவந்து விடுவார். நான் நாலடி தள்ளி நடப்பேன்.

இதே செருப்பு வியட்நாமில் அருங்காட்சியகப் பொருள் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை நடந்த காலத்தில் பழைய ராணுவ வண்டி டயரை அறுத்து அடிப்பாகம் செய்தார்கள், டியூபைக் கீறி வார் எடுத்தார்கள். ஆணி கிடையாது, தையல் கிடையாது. கீறலைவிட வார் கொஞ்சம் அகலமாக இருக்கும். இழுத்துச் செருகிவிட்டால் ரப்பரை ரப்பரே கவ்விக்கொள்ளும். 1954இல் தியன் பியன் பூவில் வென்ற படை இதைப் போட்டுத்தான் மலையேறியது. 1958இல் இந்தியாவுக்கு வந்த வியட்நாம் தலைவர் ஹோ சி மின் காலிலும் இதுதான்.

அங்கே பெருமையாக இருந்தது எனக்கு மட்டும் ஏன் கூச்சமாக இருந்தது? தட்டுப்பாடு ஊருக்கே பொதுவாக வந்தால் யாரும் தலைகுனிவதில்லை. உலகப் போரின்போது, 1942இல் மலேயாவும் சிங்கப்பூரும் ஜப்பான் கைக்குப் போக, இங்கே ரப்பர் அரிதானது. பெட்ரோலுக்கு ரேஷன், பஸ்கள் கரி வாயுவில் ஓடின. மிட்டாதார் வீட்டுக் காருக்கும் அளந்துதான் கிடைத்தது. அந்தக் காலத்துப் பெரியவர்கள் கரிப் பஸ்ஸைத் தள்ளிய கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அப்புச்சி டயர் செருப்பு போட்டபோது சண்டை ஏதும் இல்லை. பக்கத்து வீட்டில் தோல் செருப்பு இருந்தது, அவ்வளவுதான்.

இத்தனையும் யோசித்தவன், அந்தச் செருப்பை அறுத்துக் கொடுத்தவரை மறந்தே போயிருந்தேன். கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கவலைக்குத் தோல் தைத்துக்கொண்டிருந்தவர். கரண்ட் மோட்டார் வந்து அந்த வேலை போனதும், சங்ககிரி லாரிப் பட்டறைகளில் தேய்ந்த டயர் வாங்கிவந்து செருப்பு அறுத்தார். அப்புச்சியைவிட மூத்தவர். அப்புச்சி அவரை “வாடா” என்பார். அவர் “சாமி” என்பார். புதுச் செருப்பைக் கொடுக்க வரும்போது எங்கள் தெருமுனையிலேயே தன் காலில் இருந்ததைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். வாசலில் வெறுங்காலோடு நின்று, அப்புச்சியின் பாதத்துக்கு அளவு சரியா என்று குனிந்து பார்ப்பார்.

போட்டுக்கொண்டு வரும்படி அப்புச்சி ஒருநாளும் அவரிடம் சொன்னதில்லை. விவரம் தெரிந்த வயதுக்குப் பிறகு நானும் சொல்லவில்லை.