நோயாளிக்குத் தெரியாத முடிவு

வந்தாறுமூலையில் ஒரு வீட்டு விறாந்தையில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வியை இவ்வாரம் உங்கள் முன் வைக்கிறேன். "செய்யக்கூடிய வைத்தியம் ஒண்டு இருக்கக்குள்ள, அதைச் செய்யாம விட்டா பாவந்தானே, சுவாமி?" கேட்டவர் மூத்த மகன். தாயாருக்குக் குடலில் புற்றுநோய். அது வயிற்றறையின் உள்ளுறையிலும் பரவிவிட்டது. சுவிற்சர்லாந்திலுள்ள தம்பி, சென்னையில் ஒரு சத்திரசிகிச்சைக்கு விசாரித்து முடித்திருந்தார். செலவுக்குப் படுவான்கரையிலுள்ள மூன்று ஏக்கர் வயலை விற்பதென்று பேச்சு. அது கடைசி மகளின் சீதனத்துக்கென்று தாய் வைத்திருந்த வயல். தாய்வழிச் சொத்து பெண்பிள்ளைகளுக்குப் போகும் மட்டக்களப்பு வழக்கத்தை நான் உங்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

அந்தச் சிகிச்சை எத்தகையது? ஹைப்பெக் என்பார்கள். முதலில் வயிற்றைத் திறந்து, கண்ணுக்குத் தெரியும் கட்டிகள் அனைத்தையும் வெட்டி எடுக்கிறார்கள். இதற்கே பல மணி நேரம் செல்லும். பின்னர், கண்ணுக்குத் தெரியாது எஞ்சிய கலங்களை அழிப்பதற்காக, 41 முதல் 43 பாகை செல்சியஸ் வரை சூடாக்கிய கீமோ மருந்தைக் குழாய்கள் வழியே வயிற்றறைக்குள் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம் சுழலவிட்டு வெளியேற்றுகிறார்கள். நாளத்தில் ஏற்றும் மருந்து அந்த உள்ளுறையைப் போதிய அளவு சென்றடைவதில்லை. நேரே ஊற்றினால் அடையும், சூடும் அதன் வலிமையைக் கூட்டும் என்பதே கருத்து. அமெரிக்காவின் லூயிவில் நகரத்து ஜோன் ஸ்ப்ராட் என்ற வைத்தியரும் தோழர்களும் 1980-ல் இதனை அறிவித்தார்கள்.

பலன்? இங்கேதான் நிதானம் வேண்டும். சூலகப் புற்றுநோயுள்ள 245 பெண்களிடம் ஒல்லாந்திலும் பெல்ஜியத்திலும் செய்த ஆய்வு 2018-ல் வெளிவந்தது. சத்திரசிகிச்சை மாத்திரம் பெற்றவர்களின் நடுநிலை ஆயுட்காலம் 33.9 மாதம், சூடான மருந்தும் பெற்றவர்களுக்கு 45.7 மாதம். ஒரு குடும்பத்துக்கு இந்த ஏறக்குறைய ஓராண்டு சிறிய காரியமன்று. ஆனால் குடற்புற்றுநோய் பரவிய 265 பேரிடம் பிரான்சில் செய்த ஆய்வோ வேறு கதை சொல்லிற்று. 2021-ல் வெளியான அதன் முடிவின்படி, சத்திரசிகிச்சை மாத்திரம் பெற்றோருக்கு 41.2 மாதம், அதனுடன் அரைமணி நேரம் சூடான ஒக்ஸாலிபிளாற்றினும் பெற்றோருக்கு 41.7. வித்தியாசம் இல்லையென்றே சொல்லலாம். இரண்டாம் மாதமளவில் கடுஞ்சிக்கல்களுக்கு ஆளானவர்களோ மருந்து பெற்றவர்களிடையேதான் அதிகம். ஆக, "பெரிய வைத்தியம்" என்ற பெயரைக் கேட்டு மயங்காமல், எந்தப் புற்றுநோய், எவ்வளவு பரவல், உடல் தாங்குமா என்று கேட்கவேண்டியிருக்கிறது.

திருச்சபை இதற்கு என்ன சொல்கிறது? பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1957 நவம்பர் 24-ம் நாள் மயக்கமருந்து வைத்தியர்களிடம் பேசும்போது, ஆளுக்கும் இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்பச் சாதாரணமான வழிகளைக் கையாளவே கடமை உண்டு, மிதமிஞ்சிய பாரத்தைச் சுமத்தும் வழிகளைக் கையாளக் கடமையில்லை என்று விளக்கினார். இரண்டாம் அருளப்பர் சின்னப்பரின் அங்கீகாரத்தோடு 1980 மே 5-ல் வெளிவந்த விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத்தின் அறிக்கை இன்னும் தெளிவாகச் சொல்கிறது: கிடைக்கக்கூடிய பலனுக்குப் பொருந்தாத சிகிச்சையையோ, குடும்பத்துக்குத் தாங்கமுடியாத செலவையோ வேண்டாமென்பது தற்கொலை ஆகாது. அதே அறிக்கை, நோயாளி சம்மதித்தால் ஆபத்துள்ள புதிய சிகிச்சையையும் செய்து பார்க்கலாமென்கிறது.

"அப்படியானால் சென்னைக்காரருக்குச் சாதாரணமானது வந்தாறுமூலைக்காரருக்கு அசாதாரணமா? கடவுளின் சட்டம் ஊருக்கு ஊர் மாறுமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சட்டம் மாறவில்லை, ஏழையின் முதுகில் அவர் சுமக்கமுடியாததை அது ஏற்றவில்லை, அவ்வளவே. ஏழைக்கு அது எட்டாமலிருப்பதற்கு மற்றவர்களாகிய நாம் பதில் சொல்லவேண்டியிருக்கும் என்பது வேறு விடயம்.

ஆனால் அன்று என்னை உறுத்தியது இதுவன்று. பேச்சு முழுவதும் விறாந்தையில் தாழ்ந்த குரலிலேயே நடந்தது. அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "அல்சர் எண்டு சொல்லி வச்சிருக்கம். தெரிஞ்சா மனசு உடைஞ்சு போயிருவா" என்றார்கள். உள்ளே போய் அவருக்கு நற்கருணை கொடுத்தபின், அவரே என் கையைப் பிடித்து, "எனக்கு என்ன வருத்தமெண்டு இவங்க ஒருத்தரும் சொல்லுறாங்க இல்ல, சுவாமி" என்றார். தம்மிடம் எதையோ மறைக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

வாசகர்களே, பாரத்தையும் பலனையும் நிறுத்துப் பார் என்று திருச்சபை சொல்வது, முதலில் யாரிடம்? சுமக்கப்போகிறவரிடம் அன்றோ? நோயாளியின் அனுமதி இல்லாமல் வைத்தியருக்கு உரிமையில்லை என்றும், சுயநினைவில்லாத நோயாளியின் விடயத்திலும் குடும்பத்தாரின் உரிமை அவர் விரும்பியிருக்கக்கூடியதைப் பொறுத்ததே என்றும் பத்திநாதர் அதே உரையில் சொன்னார். இந்தத் தாய்க்கோ நினைவு தப்பவில்லை. அறிவோடு இருப்பவரை ஒதுக்கிவைத்து அவருடைய வயிற்றையும் வயலையும் பற்றி முடிவெடுப்பதை, அன்பினால் செய்தாலும், நான் சரியென்று சொல்லமாட்டேன். மகன் பாவத்தைத் தேடிய இடம் பிழை என்றே எனக்குப் பட்டது. அதை அவரிடம் சொல்லியும் விட்டேன். அவருக்குக் கோபம்தான்.

மறுவாரம் மூத்த மகள் தாயின் பக்கத்தில் இருந்து சொன்னார். நானும் இருந்தேன். அவர் அழவில்லை, வெகுநேரம் முற்றத்தையே பார்த்திருந்தார். பிறகு, "வெட்டினாப் பிறகு எத்தின நாள் கிடக்கணும்?" என்று கேட்டார். "வயல வித்தா சின்னவளுக்கு என்ன இருக்கு?" என்றும் கேட்டார். இரண்டாவதற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. சுவிற்சர்லாந்து மகனை ரெலிபோனில் எடுக்கச் சொல்லி, சென்னை வைத்தியரிடம் கேட்கவேண்டியவற்றைத் தாமே ஒவ்வொன்றாகச் சொன்னார்.

பதில் வரும்வரை வயலை யாரும் விலைபேசக்கூடாது என்பது அவர் கட்டளை. பெரும்போகத்துக்கு அதில் விதைத்திருக்கிறார்கள்.