எழுதிக் கொடுத்தவர்

தாத்தா செத்தப்போ எங்கள் பிள்ளையார்குப்பத்துத் தெருவுக்கு ஒரு பேண்டு செட்டு வந்தது. கடலூர் ரோட்டில் மெடிக்கல் காலேஜ் பஸ்கள் ஒதுங்கி நிற்க, ஊர்வலம் மெதுவாக நகர்ந்தது. முன்னால் டிரம்பெட், பின்னால் டிரம், எல்லாருக்கும் கடைசியில் நீளக் குழலை இழுத்து இழுத்து ஊதும் ட்ராம்போன்காரர். ஐம்பது வயது இருக்கும். கூட்டத்தில் யாரும் அவரைப் பார்க்கவில்லை, நானும்தான். பாதி வழியில் பாட்டு திடீரென்று மெலிந்துபோனது. சினிமாப் பாட்டு அதேதான், மெட்டு அப்படியேதான் இருக்கிறது, ஆனால் என்னவோ இல்லை. திரும்பிப் பார்த்தால் மனுஷன் டீக்கடையில் நிற்கிறார். டீ குடித்துவிட்டு ஓடிவந்து சேர்ந்துகொண்டதும் பாட்டுக்கு மறுபடி உடம்பு வந்தது.

அதற்கு முந்தின வாரம்தான் நான் ஆபீஸில் ஒரு திருட்டு செய்திருந்தேன். எங்கள் டீமில் ஒரு ஜூனியர் பெண், நாற்பது நிமிடம் ஓடிக்கொண்டிருந்த ஒரு ரிப்போர்ட்டை மூன்று நிமிடத்துக்குக் கொண்டுவந்தாள். இரண்டு வார வேலை. டெமோவைக் காட்டியது நான். கிளையண்ட், "பிரமாதம், இதைச் செய்தது யார்?" என்று கேட்டார். "டீம் எஃபர்ட்" என்று சொல்லிச் சிரித்தேன். பாராட்டு மெயில் என் பெயருக்கு வந்தது. நான் எழுதிய பொய் எதுவும் அதில் இல்லை. கேட்டபோது ஒரு பெயரைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஊரிலிருந்து திரும்பியதும் அந்த ட்ராம்போன் மண்டைக்குள் ஊதிக்கொண்டே இருந்தது. இந்த வாத்தியங்களை நம் சினிமாவுக்குள் கொண்டுவந்தவர்களைப் பற்றி வாசிக்க ஆரம்பித்து, பிராங்க் பெர்னாண்டிடம் வந்து நின்றேன். 1919-ல் கோவாவில் பிறந்த டிரம்பெட்காரர். அவர் தலைமுறைக் கோவா கிறிஸ்தவர்கள் பலரைப்போல மாதாகோயில் மரபு வழியாக மேற்கத்திய நொடேஷன் கைவந்தவர். ஹோட்டல்களில் ஜாஸ் வாசித்தார். ரூடி காட்டனின் பேண்டில் இருந்தார். (ரூடி காட்டன் ஒரு பார்சி, சொந்தப் பெயர் காவஸ்ஜி கட்டாவ். மேடைக்கு ஒரு பெயர் வேண்டியிருந்த காலம்.) 1946-ல் முசோரியில் காந்தியைப் பார்த்த பிறகு, ஜாஸை இந்திய முறையில் வாசிக்க வேண்டும் என்ற எண்ணம் பிராங்குக்குள் விழுந்ததாகச் சொல்வார்கள்.

சுதந்திரத்துக்குப் பின் ஹோட்டல் நடன அரங்குகள் ஓய ஓய, பம்பாய் சினிமா அந்த ஆட்களை எடுத்துக்கொண்டது. ஏற்பாடு இதுதான்: இசையமைப்பாளர் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்து மெட்டைப் பாடிக்காட்டுவார். அவருக்கு ராகம் தெரியும், பலருக்கு ஸ்டாஃப் நொடேஷன் தெரியாது. எதிரே உட்கார்ந்திருக்கும் அரேஞ்சர் அதைத் தாளில் இறக்குவார். இறக்குவது மட்டுமில்லை. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே என்ன வரவேண்டும், எந்த வரிக்குப் புல்லாங்குழல் பதில் சொல்ல வேண்டும், எங்கே எல்லா வயலினும் ஒரேயடியாக எழும்ப வேண்டும், எங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனித் தாள். அனில் பிஸ்வாஸ், ஹேமந்த் குமார், கிஷோர் குமார் என்று பலருக்கும் பிராங்க் இப்படி வேலை செய்தார். டைட்டிலில் கிடைத்தால் 'உதவியாளர்', கிடைக்காவிட்டால் அதுவும் இல்லை.

இதைப் 'பன்முகத் திறமை' என்று கொண்டாடுகிறோம். எனக்கு அந்தச் சொல்லில் ஒரு சந்தேகம் உண்டு. இன்றைக்கு வங்காளத்துப் படகுப்பாட்டு, நாளைக்கு கிளப் டான்ஸ், நாளை மறுநாள் தாலாட்டு. மூன்றுக்கும் கச்சிதமாக எழுதுகிறவனின் கையெழுத்தை எதில் தேடுவது? எதற்கும் பொருந்துகிறவன் எங்கேயும் தெரியாமல் போகிறான். எங்கள் தொழிலில் 'ஃபுல் ஸ்டாக்' என்று பெருமையாகப் போட்டுக்கொள்வோம். எந்தத் தீ எரிந்தாலும் கூப்பிடலாம் என்று அதற்கு அர்த்தம்.

சட்டம் இதில் ஒரு வேடிக்கை செய்திருக்கிறது. 1957-ம் வருட இந்தியக் காப்புரிமைச் சட்டம், அச்சிட்டோ எழுதியோ ஏதோ ஒரு வரிவடிவத்தில் வந்த மெலடியையும் ஹார்மனியையும்தான் இசைப்படைப்பு என்றது. அப்படிப் பார்த்தால் எழுதியவர் யார்? எதிரே உட்கார்ந்திருந்த கோவாக்காரர். 1994-ல் திருத்தினார்கள்: நொடேஷனில் எழுதினாலும் எழுதாவிட்டாலும் இசையை அமைத்தவரே இசையமைப்பாளர். ஆர்மோனியத்தில் பாடியவருக்கு இது நியாயம்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. மெட்டு இல்லாவிட்டால் அரேஞ்சருக்குத் தாளில் எழுத என்ன இருக்கிறது? ஆனால் அந்த 'அமைத்தவர்' என்ற ஒருமை இருக்கிறதே, அங்கேதான் இடிக்கிறது.

நண்பன் ஒருவனிடம் இதைச் சொன்னபோது, "கூலி வாங்கிட்டாருல்ல, அப்புறம் என்னடா?" என்றான். ரொம்ப நாள் எனக்கும் அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. அந்தப் பெண்ணுக்கும் மாசம் ஒண்ணாந்தேதி சம்பளம் வருகிறது. ஆனால் கூலி எதை வாங்குகிறது? உழைப்பை வாங்குகிறது. வேண்டுமானால் அதன் உரிமையையும் எழுதி வாங்கிக்கொள்ளலாம். 'இதை நான் செய்தேன்' என்று சொல்லும் உரிமையை அதனால் வாங்க முடியுமா? நடந்த ஒன்றை நடக்காததாக ஆக்க எந்த ஒப்பந்தத்தாலும் முடியாது. அவரே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தாலும், யார் செய்தது என்று மூன்றாவது ஆள் கேட்கும்போது மௌனமாக இருந்தால் ஏமாறுகிறவர் கேட்டவர். கடன் அவரிடமும் இருக்கிறது. இதை நான் பம்பாயைப் பார்த்துச் சொல்வது சுலபம்.

கோடம்பாக்கம் மட்டும் என்னவாம். எம்.எஸ்.வி. படங்களில் 'உதவி' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கோவர்த்தனம், ஹென்றி டேனியல் என்ற பெயர்கள் வரும். டைட்டில் ஓடுகிற நேரத்தில் நாம் முறுக்கு வாங்கிக்கொண்டிருந்தோம். ஆர்.கே. சேகர் மலையாளத்தில் தன் பெயரில் இசையமைத்ததைவிட மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்தது அதிகம். 1976-ல் நாற்பத்து மூன்று வயதில் போய்விட்டார். வீட்டிலிருந்த வாத்தியங்களை வாடகைக்கு விட்டு அந்தக் குடும்பம் சாப்பிட்டது. அவரை இன்றைக்கு ரஹ்மானின் அப்பாவாகத்தான் தெரியும்.

அந்தோணி கொன்சால்வஸின் கதை இன்னும் விசித்திரம். வயலின்காரர், அரேஞ்சர், பியாரேலாலுக்குக் குரு. அவருக்கு நன்றியாக 1977-ல் 'அமர் அக்பர் அந்தோணி'யில் அவர் பெயரிலேயே ஒரு பாட்டு வந்தது. பெரிய முட்டைக்குள்ளிருந்து அமிதாப் வெளியே வந்து ஆடுவாரே, அதுதான். பெயரை நாடே பாடியது, அப்படி ஒரு ஆள் நிஜமாகவே இருக்கிறார் என்று முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாமல்.

பிராங்க் வேறு வழியில் போனார். சொந்தமாகப் படம் எடுத்தார். கோவா விடுதலையாகி இரண்டு வருஷம்கூட ஆகியிருக்காது. 1963-ல் கொங்கணியில் 'ஆம்ச்செம் நொசீப்', 1966-ல் 'நிர்மோன்'. இரண்டுக்கும் அவர்தான் தயாரிப்பாளர். இரண்டாவது படம் அடுத்த வருஷமே இந்தியில் 'தக்தீர்' ஆனது. அவ்வளவு சின்ன மொழியில் படம் எடுத்து யாரும் பணக்காரன் ஆகப்போவதில்லை. பத்து இருபது வருஷம் மற்றவர்கள் மெட்டுக்குத் தாள் எழுதியவருக்கு, ஒரு தடவையாவது தன் பெயரைப் பெரிய எழுத்தில் பார்க்க வேண்டும் என்று இருந்திருக்காதா? இது என் ஊகம். ஆனால் அந்த ஆசையை அகங்காரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2007-ல் இறந்தார்.

தாத்தாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த ராத்திரி உட்கார்ந்து கிளையண்டுக்கு மெயில் எழுதினேன். யார் செய்தது, என்ன செய்தாள், எத்தனை நாள் என்று நான்கு வரி. அவளுக்கும் ஒரு காப்பி போட்டேன். அனுப்புவதற்கு முன் மூன்று தடவை டிராஃப்டில் போட்டுவிட்டு எழுந்து போனேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அப்ரைசல் மாசம் அது.

கிளையண்டிடமிருந்து ஒரு கட்டைவிரல் பொம்மை வந்தது. அவளிடமிருந்து மறுநாள் காலையில் ஒற்றை வரி.

"பரவால்லண்ணா, எல்லா எடத்துலயும் அப்படித்தான."